பழைய டேப்லெட்டை மாற்றத்தான் வேண்டுமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலை வேளைகளில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். வெளியூர் மாணவர்களுக்கு ஜூம் வழியாக வகுப்பு. என்னிடம் இருப்பது 2021-இல் வெளிவந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேட், 64 ஜிபி. அதனுடன் முதல் தலைமுறை ஆப்பிள் பென்சில். வகுப்புகளைத் திரைப்பதிவு செய்து அதிலேயே சேமித்து வைக்கிறேன். ஓராண்டாக 'இடம் போதவில்லை' என்ற எச்சரிக்கை அடிக்கடி வருகிறது. இரண்டு வகுப்புகள் முடிவதற்குள் பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஜூமிலிருந்து குறிப்பேட்டுச் செயலிக்குப் போய்த் திரும்பினால் எல்லாம் முதலிலிருந்து திறக்கிறது. ஓய்வு நேரத்தில், ஸ்கேன் செய்யப்பட்ட பழைய தமிழ் நூல்களைப் பதிவிறக்கி வாசிப்பேன். அதிலும் பக்கம் திரும்பத் தாமதம். கடையில் 'ஏ16 ஐபேட் போதும்' என்கிறார்கள். மகன் 'வாங்குவதென்றால் ஐபேட் ஏர் வாங்குங்கள்' என்கிறான். எதை வாங்குவது?
– ஓர் ஆசிரியை, கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று குறைகள் இருக்கின்றன; மூன்றுக்கும் காரணம் ஒன்றல்ல. கடைக்காரரும் உங்கள் மகனும் அவற்றை ஒன்றாகச் சேர்த்து 'ஐபேட் பழசாகிவிட்டது' என்று முடித்துவிட்டதால், வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி எழுவதற்கு முன்பே எதை வாங்குவது என்ற கேள்வி வந்துவிட்டது. கருவி எந்த வேலையில் தடுக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தத் தடைக்கு எந்தப் பாகம் பொறுப்பு என்று கண்டுகொள்ள வேண்டும். புதிய மாடலில் அந்தப் பாகம் உண்மையாகவே மாறியிருக்கிறதா என்று அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். பல வேளைகளில் மாறியிருப்பது வேறு பாகமாக இருக்கும்.

இடப் பற்றாக்குறையிலிருந்து தொடங்குவோம். செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் ஐபேட் ஸ்டோரேஜ் என்ற பகுதியைத் திறந்தால், எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று வண்ணப் பட்டையாகக் காட்டும். உங்கள் நிலையில் அந்தப் பட்டையின் பெரும்பகுதி திரைப்பதிவுகளாகத்தான் இருக்கும். மணிக்கணக்கில் நீளும் காணொளிகளை 64 ஜிபி கருவியில் வைத்துக்கொண்டே போனால் எந்த ஐபேடும் மூச்சுத் திணறும். சேமிப்பிடம் விளிம்புவரை நிரம்பிய கருவியில், தற்காலிகக் கோப்புகளுக்கு இடமில்லாமல் மற்ற வேலைகளும் மந்தமாகும். பழைய வகுப்புகளைக் கணினிக்கோ வெளி ஹார்டு டிஸ்க்குக்கோ மாற்றிவிட்டு, போட்டோஸ் செயலியில் 'ரீசன்ட்லி டெலீட்டட்' தொகுப்பையும் காலி செய்யுங்கள். பலர் இந்தக் கடைசி வேலையை விட்டுவிடுவார்கள்; நீக்கிய காணொளிகள் அங்கே சுமார் 30 நாட்கள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, ஒரு மாதம் வகுப்பு நடத்திப் பாருங்கள்.

அடுத்தது பேட்டரி. ஐபேட் பேட்டரிகள் 1000 முழுச் சார்ஜ் சுழற்சிகளுக்குப் பிறகும் தொடக்கக் கொள்ளளவில் 80 சதவீதம் வரை தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் சொல்கிறது. சுழற்சி என்பது பிளக்கில் செருகும் தடவைகளின் எண்ணிக்கையைக் குறிப்பதில்லை. இன்று பாதியும் நாளை பாதியும் செலவானால் இரண்டும் சேர்ந்து ஒரு சுழற்சி. நாள்தோறும் இரண்டு வகுப்புகள் என்று சில ஆண்டுகள் ஓடிய கருவி இந்த எல்லையை நெருங்கியிருப்பதில் வியப்பில்லை. ஐபோனில் காண்பதுபோல 'பேட்டரி ஹெல்த்' என்ற பகுதி ஒன்பதாம் தலைமுறை ஐபேடின் செட்டிங்ஸில் கிடையாது. ஆகவே நீங்களே அளந்துகொள்ள வேண்டியதுதான். முழுச் சார்ஜில் தொடங்கி, திரை வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, ஒரு மணி நேர ஜூம் வகுப்புக்கு எத்தனை சதவீதம் குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 30 சதவீதத்துக்கு மேல் போனால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது. இந்த மாடலின் விற்பனையை ஆப்பிள் 2024 மே மாதத்தில்தான் நிறுத்தியது. விற்பனை நின்று ஐந்து ஆண்டுகள் கடந்த பிறகே ஒரு கருவியைப் 'பழைய பட்டியலில்' சேர்ப்பது அந்நிறுவனத்தின் வழக்கம் என்பதால், அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பார்க்க உங்களுக்கு இன்னும் அவகாசம் உண்டு. பேட்டரி சர்வீஸ் என்று கொடுத்தால் முழுக் கருவியையே மாற்றித் தருவதும் உண்டு. பேக்கப் எடுக்காமல் ஒப்படைக்காதீர்கள்.

மூன்றாவது குறைதான் மாற்றத்துக்கு நியாயமான காரணம். ஜூம், குறிப்பேடு, பாடநூல் பிடிஎஃப் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கிறீர்கள். ஒன்பதாம் தலைமுறை ஐபேடில் இருப்பது 3 ஜிபி ராம், அதாவது திறந்திருக்கும் செயலிகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம். திரையில் தெரியும் செயலிக்கு இடம் தேவைப்படும்போது பின்னால் இருப்பதை ஐபேட் வெளியேற்றிவிடும்; திரும்பப் போகும்போது அது முதலிலிருந்து திறக்கும். ஸ்கேன் நூல்களிலும் ஓரளவு இதே கதைதான். எழுத்துகளாகத் தட்டச்சு செய்யப்பட்ட பிடிஎஃப் எடை குறைந்தது. ஸ்கேன் நூலிலோ ஒவ்வொரு பக்கமும் ஒரு முழுப் படம். பக்கத்தைத் திருப்பியதும் எழுத்துகள் முதலில் மங்கலாகத் தெரிந்து, சற்றுப் பொறுத்துக் கூர்மையாவதைக் கவனித்திருப்பீர்கள்; அந்த இடைவெளியில் கருவி அப்படத்தை விரித்துக்கொண்டிருக்கிறது. பெரிய நூலைப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டால் சற்றே உதவும். ராமைக் கூட்ட மட்டும் வழியில்லை. எந்த சர்வீஸ் சென்டரிலும் அது நடக்காது.

2025 மார்ச்சில் ஏ16 சிப்புடன் வெளிவந்த ஐபேடில் 6 ஜிபி ராமும், குறைந்தபட்சம் 128 ஜிபி சேமிப்பிடமும் உண்டு. உங்கள் மூன்றாவது குறை இதில் பெருமளவு தீரும், முதல் குறை தள்ளிப்போகும். உங்கள் தொழிலுக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. பழைய ஐபேடைப் படுக்கை வாக்கில் நிறுத்தினால் முன்பக்கக் கேமரா பக்கவாட்டுக்குப் போய்விடும். அதனால் நீங்கள் வேறெங்கோ பார்த்துப் பேசுவதுபோல மாணவர்களுக்குத் தெரியும். புதியதில் கேமரா நீண்ட விளிம்பின் நடுவில் இருப்பதால், நேராக முகம் பார்த்துப் பாடம் நடத்துவதுபோல இருக்கும். விளம்பரத்தில் சிப்பின் பெயரைத்தான் பெரிதாகப் போடுவார்கள். இணைய வகுப்பு எடுப்பவருக்கு நான் இந்தக் கேமராவைத்தான் முதலில் சொல்வேன்.

மாறாதவற்றையும் சொல்லியாக வேண்டும். திரை அங்குலத்துக்கு 264 புள்ளிகள் என்ற அதே நுட்பம்; நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் அதே வேகம். கண்ணாடிக்கும் அதன் அடியில் உள்ள படத்துக்கும் இடையே இருக்கும் மெல்லிய இடைவெளியும் அப்படியே இருக்கிறது. பென்சில் முனை ஓரிடத்திலும் கோடு சற்றுத் தள்ளியும் விழுவதுபோல் தோன்றுவது அதனால்தான். பேட்டரிக்கு இரண்டு மாடல்களுக்கும் ஆப்பிள் சொல்வது 10 மணி நேரம் வரை என்ற அதே கணக்கு. ஆகவே 'எழுதும்போது வழுக்குகிறது, கோடு விலகுகிறது' என்பது உங்கள் குறையாக இருந்திருந்தால், ஏ16 வாங்கியும் அது தீர்ந்திருக்காது.

மேற்செலவுகளை இதனுடன் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கவர் புதியதற்குப் பொருந்தாது. புதியது அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கிறது. ஹெட்போன் துளை இல்லை. லைட்னிங் துளை போய் யூஎஸ்பி-சி வந்துவிட்டதால், முதல் தலைமுறைப் பென்சிலை இணைக்கவும் சார்ஜ் ஏற்றவும் தனியாக ஓர் அடாப்டர் வேண்டும். அடாப்டருக்குப் பதிலாக 7,900 ரூபாய்க்கு அறிமுகமான யூஎஸ்பி-சி பென்சிலைக் கடையில் நீட்டினால் அவசரப்பட வேண்டாம். உங்களிடம் இருக்கும் பழைய பென்சில் அழுத்தத்தை உணர்ந்து கோட்டைத் தடிமனாக்கும், அந்தப் புதிய பென்சிலுக்கு அத்திறன் கிடையாது.

இனி உங்கள் மகனின் ஆலோசனை. 2025-இல் எம்3 சிப்புடன் வந்த ஐபேட் ஏர் எல்லா வகையிலும் மேலான கருவிதான். கண்ணாடியும் திரையும் ஒட்டியே இருக்கும். விளக்கின் பிரதிபலிப்பும் குறையும். ஆனால் உங்கள் பென்சில் அதில் வேலை செய்யாது. அழுத்த உணர்வு வேண்டுமென்றால் பென்சில் புரோ வாங்க வேண்டும். அறிமுக விலையில் ஏர் 59,900 ரூபாய், பென்சில் புரோ 11,900 ரூபாய். மொத்தம் 71,800 ரூபாய் ஆகிறது. ஏ16-இன் அறிமுக விலை 34,900 ரூபாய். ஓவியம் வரைபவருக்கு இந்த வேறுபாட்டில் பொருள் உண்டு; தொகையிடலும் அணிகளும் எழுதிக் காட்டுபவருக்கு அவ்வளவாக இல்லை. 'ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு வசதியான ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் ஏரில் மட்டும்தானே இருக்கிறது' என்று மகன் சொல்லக்கூடும். அது எம்1 அல்லது ஏ17 புரோ முதலான சிப்களில்தான் இயங்கும், ஏ16-இல் இயங்காது என்பது உண்மை. ஆனால் 2025-இல் விரிவாக்கப்பட்ட அதன் மொழிப் பட்டியலிலும் தமிழ் இல்லை.

காலக்கெடு ஏதும் உங்களை நெருக்கவில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரில் வந்த இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 26, ஏழாம் தலைமுறை ஐபேடைக் கைவிட்டது. எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தையவற்றையும் ஏற்றுக்கொண்டது. உங்களுடையது ஒன்பதாம் தலைமுறை. ஆகவே முதலில் இடத்தைக் காலி செய்யுங்கள். அதன் பிறகும் வகுப்பின் நடுவே செயலிகள் முதலிலிருந்து திறந்துகொண்டிருந்தால், அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் ஏ16 வாங்குங்கள், ஏர் வேண்டாம். இருப்பதை விற்காமல், நூல் வாசிக்க மட்டும் வைத்துக்கொண்டால், வாசிப்புக்காக வகுப்புக் கருவியின் பேட்டரியைச் செலவழிக்க வேண்டியிருக்காது.

கேள்வி: 2021-ஆம் ஆண்டின் எம்1 ஐபேட் புரோ, 11 அங்குலம் வைத்திருக்கிறேன். புத்தக அட்டைகள் வடிவமைக்கிறேன். எம்4, எம்5 என்று வந்துகொண்டே இருக்கின்றன. நான் பின்தங்கிவிட்டேனா?
– ஒரு வடிவமைப்பாளர், சென்னை

பதில்: இல்லை. உங்கள் குறை என்ன என்றே நீங்கள் எழுதவில்லை. எழுதும் அளவுக்குக் குறை இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2024 மே மாதத்தில் எம்4 மாடலோடு வந்த ஓஎல்இடி திரையில் கறுப்பு முழுக் கறுப்பாகத் தெரியும்; ஆனால் அட்டை அச்சாகப் போவது தாளில், மைக்கு அந்தக் கறுப்பு வராது. உங்கள் இரண்டாம் தலைமுறைப் பென்சிலும் மேஜிக் கீபோர்டும் புதிய புரோவில் பயன்படாது. அறிமுக விலையிலேயே 99,900 ரூபாய் தொட்ட கருவிக்கு, துணைக்கருவிகளையும் புதிதாக வாங்கும் செலவு மேலே ஏறும். அடுக்குகள் அதிகமான கோப்பு திறக்காமல் நின்றுபோகும் நாள் வந்தால் மறுபடியும் எழுதுங்கள்.

கேள்வி: ஐயா, பணி ஓய்வு பெற்றவன். சாம்சங் கேலக்ஸி டேப் ஏ7 (3 ஜிபி ராம், 32 ஜிபி) சில ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். நாளிதழ், வார இதழ்கள், யூடியூப், பேத்தியுடன் வீடியோ அழைப்பு, வங்கிச் செயலி எல்லாம் இதில்தான். மெதுவாக இயங்குகிறது. 'அப்டேட் வராது, ஆபத்து' என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். விரல் நடுங்குவதால் தட்டச்சும் சிரமமாக இருக்கிறது. தமிழில் கையால் எழுதவும் பேசி எழுதவும் வசதியுள்ள புதிய டேப் வாங்கலாமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் புதிய டேப் வேண்டியதில்லை. கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்க்கும்போது, தட்டச்சு அமைப்புகளின் வரிசையில் கையெழுத்து அமைப்பையும் தேர்ந்தெடுத்தால், திரையில் விரலால் எழுதுவது எழுத்தாக மாறும். கொஞ்சம் பெரிதாக எழுதினால் நடுக்கத்தை அது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். மைக் குறியைத் தொட்டுப் பேசினாலும் தமிழில் எழுதிக்கொள்ளும். உங்கள் டேப்பில் இவை இரண்டுமே இயங்கும்.

வீட்டார் சொல்வதில் பாதி சரி. உங்கள் டேப் 2020-இல் ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்து ஆண்ட்ராய்டு 12-இல் நின்றுவிட்டது. செட்டிங்ஸில் 'அபவுட் டேப்லெட்', அதற்குள் 'சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்' என்று போனால், பாதுகாப்புத் திருத்தம் கடைசியாக எந்த மாதத்தில் வந்தது என்று தெரியும். அந்தத் தேதி ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் வங்கிச் செயலியை இதிலிருந்து நீக்கிவிட்டு, இன்னும் அப்டேட் வரும் கைபேசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதியம் வந்து விழும் கணக்கு அது. இதில் மட்டும் நான் சமரசம் செய்ய மாட்டேன். நாளிதழும் யூடியூபும் வேறு விஷயம். செயலிகளும் குரோம் உலாவியும் பிளே ஸ்டோர் வழியாகத் தனியே புதுப்பிக்கப்படுவதால், வாசிப்பதற்கும் பேத்தியோடு பேசுவதற்கும் இந்த டேப் இன்னும் சில காலம் உழைக்கும். அறியாத இணைப்புகளையும், பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் செயலிகளையும் மட்டும் தொடாதீர்கள்.

மந்தத்துக்கு ஒரே ஒரு வைத்தியம் செய்து பாருங்கள்: படங்களை வேறிடத்தில் சேமித்துவிட்டு, டேப்பை ஃபேக்டரி ரீசெட் செய்து (எல்லாவற்றையும் அழித்து, வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுவந்து), உண்மையில் பயன்படுத்தும் நாலைந்து செயலிகளை மட்டும் மீண்டும் நிறுவுங்கள். மெமரி கார்டு போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; அது படங்களுக்கும் காணொளிகளுக்கும் இடம் தரும், ராமைக் கூட்டாது.

ரீசெட் செய்த பிறகும் வீடியோ அழைப்பில் முகம் உறைந்து உறைந்து நின்றால், வைஃபை அருகில் உட்கார்ந்து ஒருமுறை பேசிப் பாருங்கள். அங்கேயும் அப்படியே என்றால் மாற்றுவது நியாயம். அப்போது கடையில் கேட்க வேண்டியவை சில உண்டு. இந்த மாடலுக்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் தருவதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது என்பது முதல் கேள்வி. 2024-இல் வந்த கேலக்ஸி டேப் எஸ்10 வரிசைக்குச் சாம்சங் 7 ஆண்டுகள் என்று அறிவித்தது. விலை குறைந்த மாடல்கள் எல்லாவற்றுக்கும் அப்படி என்று கருதிவிட முடியாது. கடையில் இருக்கும் மாடல் வெளிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால், தள்ளுபடியோடு அந்த இரண்டு ஆண்டுகளும் சேர்ந்தே கழிந்துவிட்டன. அடுத்தது ராம். பெட்டியின் மேல் '8 ஜிபி' என்று பெரிதாகவும், அதன் கீழே சிறிய எழுத்தில் '4+4' என்றும் போட்டிருப்பார்கள். பின்னால் வரும் நான்கு, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கிக் காட்டுவது. மெய்யான ராம் 6 ஜிபியாவது இருக்கட்டும். மேலும், வைடுவைன் எல்1 என்ற காணொளிப் பாதுகாப்புச் சான்று இல்லாத மலிவு டேப்களில் ஓடிடி படங்கள் மங்கலாகத்தான் ஓடும். திரை எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் பயனில்லை.

நீங்கள் இதழ் வாசகர் என்பதால் இன்னொன்று. ஆண்ட்ராய்டு டேப்களில் பெரும்பாலானவை திரைப்படம் பார்க்கத் தோதாக நீண்டு ஒடுங்கியவை. வார இதழின் முழுப் பக்கத்தை அதில் நெடுக்காக வைத்துப் பார்த்தால், மேலும் கீழும் வெற்றிடம் விட்டுப் பக்கம் சிறுத்துவிடும்; வரிக்கு வரி விரலால் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். நான்குக்கு மூன்று என்ற அளவில் சற்றுச் சதுரமான திரையில் அதே பக்கம் ஏறத்தாழ நிறைந்து நிற்கும். அதனால் அங்குலக் கணக்கை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாமல், நீங்கள் வாசிக்கும் இதழின் ஒரு பக்கத்தைக் கடையிலேயே திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: 2018-ஆம் ஆண்டின் ஆறாம் தலைமுறை ஐபேடை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதியது வாங்க முடிவு செய்துவிட்டேன். திரையின் ஒரு ஓரம் லேசாக எழும்பியிருக்கிறது. கடையில் சொல்லும் விலை மிகக் குறைவு. காத்திருக்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: காத்திருக்க வேண்டாம், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த எழும்பிய ஓரம்தான் காரணம். உள்ளே பேட்டரி உப்பினால் திரை இப்படித்தான் தூக்கும். இருட்டில் பார்த்தால் அந்த ஓரத்தில் வெளிச்சம் கசிவதும் தெரியலாம். இனி சார்ஜ் ஏற்றாதீர்கள். ஓரத்தை அழுத்தி உட்கார வைக்க முயலாதீர்கள். தலையணைக்கு அருகிலும் வெயிலிலும் வைக்காதீர்கள். இந்த மாடல் ஐபேட்ஓஎஸ் 17-உடன் நின்றுவிட்டது என்பதால், பேட்டரிக்குச் செலவிட்டு இதைக் காப்பாற்றுவதிலும் பெரிய பயனில்லை.

எக்ஸ்சேஞ்ச் விலை குறைவாக இருப்பதற்கும் அந்த ஓரமே காரணமாக இருக்கலாம். மறைத்துக் கொடுக்காமல் சொல்லியே கொடுங்கள். எடுத்துச் செல்பவர் அதைப் பையில் அடுக்கிக்கொண்டு போகிறவர். அவர்கள் வாங்க மறுத்தால், அங்கீகரிக்கப்பட்ட மின்கழிவுச் சேகரிப்பு மையத்திலோ நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ ஒப்படையுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. வீட்டுக் குப்பையில் மட்டும் போட வேண்டாம். குப்பை வண்டியின் அழுத்தத்தில் இத்தகைய பேட்டரி தீப்பிடிக்கும்.

கொடுப்பதற்கு முன், மிச்சமிருக்கும் சார்ஜிலேயே முடியுமானால், படங்களையும் குறிப்புகளையும் ஐக்ளவுடுக்கு அனுப்பிவிட்டு, செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டு 'சைன் அவுட்' செய்து, பிறகு முழுவதும் அழித்துவிடுங்கள். வெறுமனே அழித்துவிட்டுச் சைன் அவுட் செய்யாமல் விட்டால், ஆக்டிவேஷன் லாக், அதாவது உங்கள் கடவுச்சொல் இல்லாமல் பிறர் பயன்படுத்த முடியாதபடி தடுக்கும் பூட்டு, உங்கள் பெயரிலேயே இருந்துவிடக்கூடும்; அப்படியானால் வாங்குபவரும் எடுத்துக்கொள்ள மாட்டார். சார்ஜ் தீர்ந்து கருவி அணைந்துவிட்டிருந்தால், கணினியிலோ கைபேசியிலோ ஐக்ளவுடு தளத்துக்குப் போய், உங்கள் கருவிகளின் பட்டியலிலிருந்து இந்த ஐபேடை நீக்கினாலே அந்தப் பூட்டு கழன்றுவிடும். அதற்காக மறுபடியும் சார்ஜரில் செருக வேண்டாம்.